திவ்விய நற்கருணை ஏரியின் மரப்படகுகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், அல்பனி நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 மைல் தொலைவில், அடிராண்டாக் மலைகளின் கிழக்கோரமாக ஒரு நீண்ட ஏரி கிடக்கின்றது. நீளம் 32 மைல். அகலமோ ஒரு மைலிலிருந்து மூன்று மைலுக்குள் அடங்கும். இருபுறமும் மலை, நடுவே 170-க்கும் மேற்பட்ட தீவுகள். இன்று அதனை ஜார்ஜ் ஏரி என்பர். நம்மவருள் பலர் அறியாத செய்தி, அதற்கு முன்பு வழங்கிய பெயரே. 1646-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், திவ்விய நற்கருணைத் திருநாளுக்கு முந்திய மாலையில், ஈசாக் ஜோக் என்னும் பிரெஞ்சு சேசு சபைக் குரு இக்கரையை வந்தடைந்தார். மறுநாள் திருநாளை நினைந்து, 'திவ்விய நற்கருணை ஏரி' என்று பெயரிட்டார். நூறாண்டுக்கு மேல் நிலைத்த அப்பெயரை, 1755-இல் வில்லியம் ஜான்சன் என்ற ஆங்கிலப் படைத்தலைவர் மாற்றித் தம் அரசராகிய இரண்டாம் ஜார்ஜின் பெயரைச் சூட்டினார். அவ்விருவருக்கும் முன்பே, மலைகளால் அடைபட்ட நீர் என்ற பொருளில் மண்ணின் மைந்தர்கள் வேறொரு பெயரால் அதனை அழைத்து வந்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜோக் அடிகளார் அந்நாட்டுக்குப் புதியவர் அல்லர். 1642-இல் மோஹாக் மக்களிடம் சிறைப்பட்டு, விரல்கள் சிதைக்கப்பட்டு, மறு ஆண்டு டச்சுக்காரரின் உதவியால் தப்பித் தாயகம் சேர்ந்தவர். சிதைந்த கைகளால் பூசை நிறைவேற்றப் பாப்பரசர் எட்டாம் உர்பானிடம் தனி அனுமதி பெற்றவர். அத்தகையவர், சமாதானத் தூதராக மீண்டும் அதே மக்களிடம் செல்லும் வழியில்தான் இந்நீரைக் கண்டார். அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் அவர் உயிர்ப்பலியானார். 1930-இல் புனிதர் பட்டம் பெற்ற அவருக்கு ஏரியின் தென்கரைப் பூங்காவில் ஓர் உருவச்சிலை உண்டு. நாங்கள் சென்ற நாளில் அதன் அடியில் இரண்டு சிறுவர்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தனர்.

நாங்கள் அங்குச் செல்லக் காரணம் எங்கள் மகள். அல்பனியில் செவிலியாகப் பணிபுரிகின்றாள். 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவளோடு இரண்டு மாதம் தங்கியிருந்தோம். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கையில், அவளது பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்களிடம் வந்து, எந்த ஊர் என்று வினவினார். தூத்துக்குடிக் கடற்கரை என்றோம். "அப்படியானால் படகு தெரிந்தவர்கள்" என்றார். படகைக் கரையிலிருந்து பார்த்தவர்களே தவிர ஓட்டியவர்கள் அல்லர் என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தம் குடும்பத்தின் ஏரிக்கரை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவருக்கு அப்போது வயது 76.

வீடு சிறியது, அவருடைய பாட்டனார் 1926-இல் கட்டியது. ஏரியின் மேற்குக் கரையில் செல்வர்கள் எழுப்பிய மாளிகைகள் வரிசையாக உண்டு. இது அவற்றுள் ஒன்றன்று. பாட்டனாருக்குத் தெற்கே கிளென்ஸ் ஃபால்ஸ் ஊரில் இரும்புச் சாமான் கடை. ஆணி விற்ற காசில் வாங்கிய நிலம் என்று பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டைக் காட்டிலும் கண்ணைக் கவர்ந்தது அதன் கீழே நீருக்குள் கால் ஊன்றி நின்ற படகுக் கொட்டகை. தரையே இல்லாத கட்டடம் அது. உள்ளே நீர்தான் தரை. கதவைத் திறந்தவுடன் வார்னிஷ், பெட்ரோல், ஈரமரம் ஆகிய மூன்றும் கலந்த மணம் வந்தது. அந்த மணம்தான் தம் இளமை என்றார் அவர்.

உள்ளே 24 அடி நீளமுள்ள ஒரு மரப்படகு வார்களில் தொங்கிற்று. செந்தேன் நிறம். பலகைகளுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கோடுகள். மூன்று வரிசை இருக்கைகள், செந்தோல் மெத்தைகள். அணியத்திலிருந்து பின்புறம்வரை ஒரே வளைவாக ஓடி நீரைத் தொடும் அழகை என்னவென்று சொல்வது! பின்பலகையில் பொன் தகட்டெழுத்தில் 'ஃப்ரைடே' என்றிருந்தது. ஜான் ஹேக்கர் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் தொழிற்சாலையில், மிச்சிகன் மாநிலத்தில், 1930-இல் செய்யப்பட்டதாம். புதிதாக வாங்கும் வசதி அக்குடும்பத்துக்கு எந்நாளும் இருந்ததில்லை. இருபது ஆண்டு உழைத்துத் தேய்ந்த பிறகு, 1951-இல், யாருக்கும் வேண்டாத பழைய பொருளாகத் தந்தையார் வாங்கினார். கடையைப் பூட்டிவிட்டு வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் ஏரிக்கு வருவார். பிள்ளைகள் படகை எடுத்துச் சென்று ஊர்த்துறையில் காத்திருந்து அழைத்து வருவார்கள். அதனால் அந்தப் பெயர். வெள்ளிக்கிழமைகளில் புலால் விலக்கும் ஒழுங்கு அமெரிக்கத் திருச்சபையில் 1966 வரை கட்டாயமாக இருந்ததல்லவா? எனவே தந்தையார் படகில் ஏறியதும் கேட்கும் முதற் கேள்வி, "மீன் கிடைத்ததா?" என்பதுதானாம்.

மரப்படகின் ஆண்டுக் கணக்கு மே மாதக் கடைசியில் தொடங்குகின்றது. பனிக்காலத்தில் ஏரி உறைந்துவிடும். படகு வறண்ட இடத்தில் உறங்கும். உறங்குகையில் பலகைகள் காய்ந்து சுருங்கும். இணைப்புகள் வாய் திறக்கும். அவற்றுள் பஞ்சை அடைத்து மூடுவதோடு வேலை தீர்ந்ததென்று நாங்கள் நினைத்தோம். நம் கடற்கரைத் தச்சர்கள் கலப்பத்து என்று சொல்லும் வேலை நினைவில் இருந்தமையால். இவ்வகைப் படகின் அடிப்பாகம் வேறு மாதிரி. ஓக் மரச் சட்டங்களின்மேல் இரண்டு அடுக்கு மகோகனிப் பலகை. அவ்வடுக்குகளுக்கு நடுவே பசை தோய்த்த கித்தான் துணி. இறுதியில் இதனை அடைப்பது நீரே. படகை வார்களில் கட்டியவாறே ஏரிக்குள் இறக்கிவிடுவர். நீர் உள்ளே பாயும். மிதிபலகைகள் மூழ்கும். இரண்டு நாள், சில ஆண்டுகளில் மூன்று நாள், படகு பாதி மூழ்கிய நிலையில் கிடக்கும். மரம் நீரை உண்டு பருத்து, ஒரு பலகை மறுபலகையை நெருக்கி, வாய்கள் தாமே மூடிக்கொள்ளும். அதன்பின் இறைத்துவிட்டால் சொட்டு நீர் ஏறாது.

"ஒவ்வோர் ஆண்டும் இந்த முறை மூழ்கியே போய்விடும் என்றுதான் நம்பினோம். எங்கள் அக்காள் இரவில் விளக்கோடு எழுந்து வந்து எட்டிப் பார்ப்பாள். பாட்டனாருக்கு மட்டும் கவலையே கிடையாது. மரம் குடித்து முடிக்கட்டும் என்பார்" என்று பெரியவர் சொன்னார்.

பிள்ளைகள் நால்வர். அக்காளுக்கு இன்று 81. அடுத்தவர் இவர். பின்னர் ஒரு தம்பி, ஒரு தங்கை. ஆளுக்கொரு வேலை இருந்தது. மூத்தவள் வார்னிஷ் பூசுவாள். அதற்கு முன்பு மணல்தாளால் தேய்ப்பது ஆண்பிள்ளைகளின் பாடு. தேய்த்த பொடி மூக்கிலும் இமையிலும் செந்நிறமாக ஒட்டிக்கொள்ளும். தங்கை ஈக்களை விரட்டுவாள்; ஈரமான வார்னிஷில் ஓர் ஈ உட்கார்ந்தாலும் அவள்மீதே பழி! வெண்கலத் திருகாணிகளின் தலைக்குமேல் அடைக்கும் மரத்தக்கைகளை, பலகையின் நார் ஓட்டம் மாறாதபடி திருப்பி வைக்கும் பொறுப்பு பாட்டனாருடையது. அதனை வேறு எவரையும் தொடவிடமாட்டார்.

இயந்திரத்தை முடுக்கும் முறையும் தனிக்கதை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய படகின் அடியில் அது தேங்கினால், ஒரு பொறி போதும், படகும் ஆட்களும் சேர்ந்தே போய்விடுவர். ஆகவே முதலில் இயந்திர மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, காற்றாட விட வேண்டும். பொறுமையற்ற சிறுவர்களுக்குக் கடிகாரம் காட்டிப் பயனில்லை என்று கண்ட பாட்டியார், ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள் நிறைந்த மந்திரமும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்த பிறகே சாவியைத் தொட வேண்டும் என்று சட்டம் போட்டாராம். அவசரமாகச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து! ஞானமும் விஞ்ஞானமும் இத்தனை பொருத்தமாகக் கைகோத்த செபம் வேறொன்றை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

ஞாயிறு பூசைக்கும் படகில்தான் பயணம். போல்ட்டன் லேண்டிங் என்ற கரையூரில் உள்ள கத்தோலிக்க ஆலயம் திவ்விய நற்கருணையின் பெயரையே தாங்கி நிற்கின்றது. பெண்கள் தலைக்குட்டையை முடிச்சின்மேல் முடிச்சாகக் கட்டிக்கொள்வர். திவ்விய நற்கருணை வாங்க விரதமிருந்த பிள்ளைகள், வீட்டுக்குத் திரும்பும் வேகத்தில் தந்தையை நெருக்குவர். அவரோ தீவுகளுக்கிடையே வேகம் கூட்டமாட்டார்.

வேகம் என்றதும், அந்த ஏரிக்கே உரிய ஒரு பெருமையைச் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்காவின் மோட்டார் படகுப் பந்தயங்களுள் தலையாயது தங்கக்கோப்பை. போல்ட்டன் லேண்டிங்கில் வாழ்ந்த ஜார்ஜ் ரெய்ஸ் என்பவர், 1922-இல் கட்டப்பட்ட ஒரு பழைய படகை வைத்துக்கொண்டு, 1933, 1934, 1935 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து அக்கோப்பையை வென்றார். கடைசி இரண்டு வெற்றிகளும் இதே ஏரியில்தான். அப்படகின் பெயர் 'எல் லகார்ட்டோ'. ஸ்பானிய மொழியில் பல்லி என்று பொருள். நீரில் வழுக்கிச் செல்லாமல் தாவித் தாவிச் சென்றதால் 'தாவும் பல்லி' என்றே மக்கள் அழைத்தனர். 1934-இல் பெரியவரின் தந்தை பதினான்கு வயதுச் சிறுவர். கரைப் பாறையொன்றின்மேல் நின்று பார்த்தவர். தம் பிள்ளைகளுக்கு அவர் சொன்ன உறக்கக் கதைகளில் அரசனும் இல்லை, அரக்கனும் இல்லை, அந்தப் பல்லிதான். அது இன்று நீல மலை ஏரி என்ற ஊரிலுள்ள அடிராண்டாக் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இத்தனை இனிமைக்கும் நடுவே அக்குடும்பத்தில் ஒரு வடு இருக்கின்றது. அதனைப் பெரியவர் தாமாகச் சொல்லவில்லை. கொட்டகைச் சுவரில் தனியாக ஒரு வெண்கலக் கயிறுகட்டி அறையப்பட்டிருந்ததைக் கண்டு, அது எதற்கு என்று நாங்கள்தான் கேட்டோம்.

'ஃப்ரைடே' வருவதற்கு முன்பே பாட்டனாருக்கு ஒரு படகு உண்டு. 26 அடி; மெதுவாகச் செல்வது; பன்னிரண்டு பேர் அமரலாம். நால்வரையும் கைக்குழந்தைகளாக ஏரி சுற்றிக் காட்டியது அதுதான். 1950-களில் ஃபைபர் படகுகள் சந்தைக்கு வந்தன. வார்னிஷ் வேண்டாம், ஊறப்போட வேண்டாம், சட்டம் உளுக்காது. அடுத்த பத்தாண்டுக்குள் ஏரிகளின் தோற்றமே மாறிற்று. பழைய மரப்படகை வாங்குவார் இல்லை. வைத்துக்கொள்ள இடமும் இல்லை. அமெரிக்காவில் எத்தனையோ கரைகளில் அவற்றைப் பிளந்தனர், எரித்தனர். (நம் கரையில் 2004 ஆழிப்பேரலைக்குப்பின் ஃபைபர் படகுகள் பெருகியபோது எத்தனை கட்டுமரங்கள் விறகாயின என்று யார் கணக்கு வைத்தார்?) பாட்டனார் இறந்தபின், அந்தப் பெரிய படகின் சட்டங்கள் ஐந்தாறு உளுத்துப் போயிருந்தன. செப்பனிடும் செலவு புதிய ஃபைபர் படகின் விலையைத் தாண்டிற்று. 1962 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, தந்தையார் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, படகைக் கரைக்கு இழுத்து, மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தார்.

அக்காள் கல்லூரி விடுதியில் இருந்தாள், அவளுக்குச் சொல்லவில்லை. அன்று மாலையே தற்செயலாக வீட்டுக்கு வந்தவள் புகையைப் பார்த்தாள். பதினைந்து வயதான பெரியவர் வாளி நீரோடு காவல் நின்றுகொண்டிருந்தார். "வார்னிஷ் பற்றிக்கொண்டு எரியும்போது எவ்வளவு அழகாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை" என்றார். மறுநாள் சாம்பலைக் கிளறி, இரண்டு வாளி நிறையத் திருகாணிகளைப் பொறுக்கினர். தந்தை அவற்றைப் பழைய உலோகமாக விற்றார். ஒரே ஒரு கயிறுகட்டியை அக்காள் எடுத்து வைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் வரை தந்தையோடு பேசவில்லை.

நாங்கள் தந்தையைக் குறை சொல்லத் துணியமாட்டோம். நான்கு பிள்ளைகள், ஒரு சிறு கடை. அழகுக்குச் செலவழிக்க ஒரு கை வேண்டும்; அது அவரிடம் இல்லை. ஆயினும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு எரித்திருக்கலாம். அக்காளும் படகு எரிந்ததற்காக அவ்வளவு வருந்தவில்லை, கேட்காமல் எரித்ததற்காகவே வருந்தினாள் என்று பிற்பாடு அவர் வாயாலேயே அறிந்தோம்.

ஏனெனில், அந்தச் சனிக்கிழமை மற்ற மூவரும் வரவிருந்தனர். விருந்துக்கு என்று நினைத்தோம். உண்மையில் 'ஃப்ரைடே'யின் விதியை முடிவு செய்ய. தந்தையார் 1994-இல் காலமானபின் படகும் வீடும் நால்வருக்கும் பொது. ஏரிக்கரை நிலத்தின் வரி ஆண்டுதோறும் ஏறுகின்றது. கொட்டகையின் தூண்களை மாற்ற வேண்டும். படகின் அடிப்பலகையோ 1930-இல் அடித்தது, இனித் தாங்காது. ஒரு காலத்தில் எரிக்கப்பட்ட இதே வகைப் படகுகளுக்கு இன்று நல்ல விலை. பழம் படகுகளைக் காப்பதற்கென்று 1975-இல் இந்த ஏரிப் பகுதியிலேயே தோன்றிய சங்கம் இன்று நாடெங்கும் கிளைகளோடு இருக்கின்றது. தம்பியார் ஒரு சேகரிப்பாளரின் முகவரியோடு வந்திருந்தார். விற்றால் வரியும் கட்டலாம், தூணும் மாற்றலாம். தங்கையார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அக்காள் ஒன்றும் சொல்லாமல் உருளைக்கிழங்கு உரித்தார்.

வெளியார் முன் குடும்பக் கணக்குப் பேசுவதை நம் ஊரில் நாகரிகமென்று கொள்ளோம். நாங்கள் எழுந்து போக முயன்றோம். அக்காள் உட்காரச் சொன்னார். "யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் நாங்கள் கத்தமாட்டோம்" என்றார்.

ஆனாலும் சற்றுக் கத்தினார்கள். விற்பதில் தம்பியார் பக்கம் நியாயம் இருந்தது என்பதே எங்கள் எண்ணம். சேகரிப்பாளர் படகை வேறொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவார் என்றதும் பேச்சு திசை மாறிற்று. போனால் திரும்பி வருவது எளிதன்று. அந்நியச் சிப்பியினங்கள் புகாமல் தடுக்க, வெளியிலிருந்து வண்டியில் ஏற்றி வரும் எந்தப் படகும் சுத்தமாக, வடிந்து, காய்ந்திருக்க வேண்டுமென்று 2014 முதல் இந்த ஏரியில் கட்டாயப் பரிசோதனை உண்டு. ஈரத்தில் உயிர் வாழும் மரப்படகைக் காயவைத்துக் கொண்டு வா என்றால்? பெரியவர் இதைச் சொல்லிச் சிரித்தார். வேறு எவரும் சிரிக்கவில்லை.

அப்போது அக்காளின் பேத்தி, 24 வயதுப் பெண், கொட்டகையிலிருந்து ஏறி வந்தாள். கையில் ஒரு குத்தூசி, கால்சட்டையெல்லாம் அழுக்கு. ஒரு படகுத் தச்சரிடம் மூன்றாண்டாக வேலை பழகுகின்றாளாம். சட்டங்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்ததில், ஏழு மட்டுமே கெட்டவை, மேற்பலகைகள் குறையற்றவை, அடிப்பாகத்தை இரண்டு பனிக்காலத்தில் தானே மாற்றுவாள், மரத்துக்கு மட்டும் பணம் வேண்டும் என்றாள். அக்காள் தம் பங்கை அங்கேயே அவளுக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். பெரியவரும் தலையசைத்தார். தங்கையார் அரை மனத்தோடு இசைந்தார். தம்பியார் இரண்டாண்டு தவணை கொடுத்தார். அதற்குமேல் ஒரு டாலரும் தாரேன் என்று கறாராக.

மாலையில் எங்களைப் படகில் ஏற்றினர். அவ்வாண்டின் கடைசி ஓட்டம். மூடியைத் திறந்தார்கள். நால்வரும், எழுபதும் எண்பதும் கடந்தவர்கள், ஒரே குரலில் பரலோக மந்திரத்தைத் தொடங்கினர்; நாங்கள் தமிழில் சேர்ந்துகொண்டோம். தம்பியார் மூன்றாவது அருள் நிறைந்த மந்திரத்தைச் சற்று வேகமாகச் சொல்ல, அக்காள் அவரைத் திரும்பிப் பார்த்தார். முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

சுக்கானைப் பிடித்தவர் அக்காள். படகு முதலில் அணியத்தைத் தூக்கிற்று, பின்னர் சமன்பட்டு ஓடிற்று. எங்களுக்குத் தெரிந்த வள்ளத்தின் ஆட்டம் இதில் இல்லை. நீரை வெட்டும் ஓசை மரத்தின் வழியாக முதுகெலும்புக்கு வந்தது. டங் மலையின் நிழல் ஏரியின் பாதியை மூடியிருந்தது. தீவுகளுக்கிடையே வந்ததும் அக்காள் வேகத்தைக் குறைத்தார். தந்தை குறைத்த அதே இடம் என்று பெரியவர் எங்கள் காதருகே சொன்னார்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. படகு கொட்டகைக்கு வெளியே கவிழ்ந்து கிடக்கின்றது. ஒருபுறத்து அடிப்பலகை முடிந்தது, மறுபுறம் வெறும் எலும்புக்கூடு. எனவே அந்தக் கோடையில் ஓட்டம் இல்லை. கிழவருக்குப் பேத்தி பொடி தேய்க்கும் வேலை கொடுத்திருக்கின்றாள். மரத்தக்கைகளைத் தொடவிடுவதில்லை. சேகரிப்பாளரின் முகவரியைத் தம்பியார் இன்னும் சட்டைப்பையிலேயே வைத்திருக்கின்றாராம்.